மலையேறப் பை வாங்குவது எப்படி: செக்கிங் டேபிள் கண்ணோடு ஒரு முழு வழிகாட்டி

வெள்ளியங்கிரிக்கு முதன்முறை போனபோது, கல்லூரிக்குக் கொண்டுபோகிற மாதிரியான ஒரு சாதாரணப் பையைத்தான் மாட்டிக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, ஒரு சென்னிமலைப் போர்வை. இருட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது நான்காவது மலையில் இடது தோள்வாரின் மேல்தையல் பிரிந்துவிட்டது. துண்டைக் கிழித்து முடிச்சுப் போட்டு, மீதி மலை முழுவதும் ஒரே தோளில் தொங்கவிட்டு ஏறி இறங்கினேன். மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. டி-சர்ட்டின் தோள்மூட்டில் நான்கு தையல் தப்பியிருந்தால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். வீடு திரும்பியதும் அந்தப் பையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் பார்த்தேன். ஒற்றைத் தையல் ஒன்றுதான் அந்த வாரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம் விட்ட துணியும் நூலிழை அளவுதான். அன்றைக்குப் பிறகு எந்தப் பையையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. எனக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும், கூட வேலை செய்கிறவர்களுக்கும் வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது ஒருநாள் மலையேற்றத்துக்கும், ஓர் இரவு தங்கித் திரும்பும் பயணத்துக்குமான வழிகாட்டி. வெள்ளியங்கிரி, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, டாப்சிலிப் என்று நம் பக்கத்து மலைகளை மனதில் வைத்து எழுதியது. இமயமலைக்குப் பத்து நாள் போகிறவர்களின் கணக்கு வேறு.

முதல் படி: பைக்கு முன்னால் பொருளைச் சேருங்கள்

பெரும்பாலானவர்கள் பையை வாங்கிவிட்டு அதை நிரப்பப் பார்க்கிறார்கள். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும். அதனால் கொண்டுபோகப் போகும் எல்லாவற்றையும் முதலில் தரையில் ஒரு ஜமக்காளத்தில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றாக எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். அது இல்லையென்றால், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு சாக்கு இல்லாமல் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மலைக்கு என் கணக்கு இப்படி வரும்: தண்ணீர் இரண்டரை லிட்டர், அதாவது இரண்டரை கிலோ. எலுமிச்சை சாதமும் கடலை உருண்டையும் சேர்த்து முக்கால் கிலோ. மழைக்கோட்டு 350 கிராம், ஸ்வெட்டர் 400, டார்ச்சும் மாற்று பேட்டரியும் 150, மருந்துப் பை 200, துண்டு 200, போனும் பவர்பேங்கும் 400. மொத்தம் ஏறக்குறைய ஐந்து கிலோ. இதில் பாதி தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் பை என்பது முக்கியமாகத் தண்ணீர் சுமக்கும் பைதான்.

ஓர் இரவு தங்குவதானால் மாற்று உடை, போர்வை, சோப்பு சீப்பு வகையறா என்று மேலும் மூன்று கிலோவிலிருந்து நான்கு கிலோ கூடும். இங்கே ஒரு விஷயம். நம் பக்கத்து மலைகளில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காட்டுக்குள் போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். 2018-இல் மாநில அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் திறக்கப்பட்டு, ஆன்லைனில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆக, இரவுத் தங்கல் என்பது நமக்குப் பெரும்பாலும் கொல்லிமலையில் ஒரு லாட்ஜ், வால்பாறையில் ஒரு ஹோம்ஸ்டே, டாப்சிலிப்பில் வனத்துறை விடுதி. கூடாரம், அடுப்பு, பாய் எதுவும் வேண்டியதில்லை. இதை யோசிக்காமல் 60 லிட்டர் பை வாங்கிவிட்டு, அது வீட்டில் பரண்மேல் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

போர்வையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைப் போர்வை எனக்கு மிகவும் பிடித்த பொருள். வீட்டில் அதைத்தான் போர்த்துகிறேன். ஆனால் அது பருத்தி. எடை கூடுதல், நனைந்தால் இரண்டு மடங்காகும், காயவும் மாட்டாது, ஈரத்தில் குளிரையும் தாங்காது. மலைக்கு மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் துணி) போர்வை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒருநாள் நடைக்கு உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரவு தங்கலுக்கு அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலாவது 6 கிலோ, இரண்டாவது 12 கிலோ. பையின் சொந்த எடையும் இதற்குள் அடங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பத்தில் ஒன்றுக்கு மேல் எப்போதும் வேண்டாம்.

இரண்டாம் படி: லிட்டர் கணக்கு

பையின் அளவை லிட்டரில் சொல்வார்கள். 20 லிட்டர் என்றால் கண்ணுக்கு என்ன என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வரும் வாட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் 20 லிட்டர். 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 30 லிட்டர் இடம் அடைக்கும். இந்த இரண்டு உருவங்களும் மனதில் இருந்தால் கடையில் ஏமாறமாட்டீர்கள்.

ஒருநாளுக்கு 18 முதல் 25 லிட்டர். ஓர் இரவுக்கு 30 முதல் 40 லிட்டர். இரண்டுக்கும் ஒரே பைதான் வாங்க முடியும் என்றால் 28 அல்லது 30 லிட்டரில், இரு பக்கமும் இறுக்கிக் கட்டும் வார் உள்ளதாக எடுங்கள். பாதி காலியாக இருக்கும்போது அந்த வாரை இழுத்தால் பை ஒட்டிக்கொள்ளும், பொருள் உள்ளே ஆடாது. குடும்பத்தோடு போகிறவர்களில் பொதுப்பொருளைச் சுமப்பவருக்கு மட்டும் 35-க்கு மேல் தேவைப்படலாம்.

பஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குமேல் பை இருந்தால் உங்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவருக்கும் கஷ்டம்.

மூன்றாம் படி: முதுகை அளந்து பாருங்கள்

லிட்டரைவிட முக்கியமான அளவு இதுதான். ஆனால் கடையில் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டை வாங்கும்போது மார்பளவு சொல்கிறோம். பைக்கு முதுகளவு.

தையல் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். தலையைக் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு துருத்தும், அது மேல்புள்ளி. இனி இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், கட்டைவிரல் பின்பக்கம் இருக்கும்படி வையுங்கள். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப்புள்ளி. நிமிர்ந்து நில்லுங்கள், டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 16 முதல் 17½ அங்குலம் என்றால் சின்ன அளவு, 18 முதல் 19½ நடுத்தரம், 20-க்கு மேல் பெரியது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் பையில் உள்ள அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்னைவிட நாலு அங்குலம் உயரமான தம்பிக்கு முதுகளவு என்னுடையதைவிடக் குறைவு. அவன் உயரம் முழுவதும் காலில் இருக்கிறது. என் பையை அவன் மாட்டினால் இடுப்புவார் தொடைக்கு வந்துவிடும்.

25 லிட்டருக்குக் கீழே உள்ள பைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும். அங்கே இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். தோள்வார் தோளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், பையின் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கி நடக்கும்போது அடிக்கக் கூடாது. பெண்களுக்கென்று வெட்டிய பைகளில் தோள்வார் குறுகலாக, உள்வளைவோடு இருக்கும். என் மனைவி அப்படி ஒன்று மாட்டிப் பார்த்த பிறகுதான், அதுவரை அக்குள் உராய்ந்து புண்ணானதற்குக் காரணம் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது. ஒல்லியான ஆண்களுக்கும் அந்தப் பை நன்றாகவே பொருந்தும். வெட்டைப் பாருங்கள், யாருக்கென்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: இடுப்புவார்

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, காங்கயம் பக்கத்தில் ஒரு கிராமம். தோட்டத்துக் கிணற்றில் இருந்து வீட்டுக்கு இடுப்பில் ஒரு குடம், தலையில் சும்மாடு வைத்து ஒரு குடம் என்று கொண்டுவருவார். சின்ன வயதில் நான் தண்ணீர்த் தூக்கைத் தோளில் தொங்கவிட்டு முனகிக்கொண்டு வந்தபோது சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "இடுப்பு தாங்கற மாதிரி தோளு தாங்குமா கண்ணு? எறக்கி இடுப்புல வெய்யி."

பைக்கும் அதே கணக்குதான். தோள் தசையும் கழுத்து நரம்பும் சேர்ந்த இடம், அங்கே எடை நேராக அழுத்தினால் சீக்கிரம் மரத்துப்போகும். இடுப்பெலும்பு உடலின் உறுதியான வளையம், அங்கிருந்து எடை நேராகக் காலுக்கு இறங்கிவிடும். நன்றாகப் பொருந்திய பையில் சுமையின் பெரும்பகுதியை இடுப்புதான் ஏற்க வேண்டும், தோள்வார் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

அதனால் ஆறு கிலோவுக்குமேல் தூக்கப் போகிறீர்கள் என்றால், பஞ்சு வைத்த, குறைந்தது மூன்று விரல் அகலம் உள்ள இடுப்புவார் கட்டாயம் பாருங்கள். வெறும் நாடா மாதிரி ஒல்லியாக ஒன்று இருக்கும். அது பை ஆடாமல் இருக்கத்தான், சுமை தாங்காது. ஐந்து கிலோவுக்கு அது போதும், அதற்குமேல் போதாது.

வார் உட்கார வேண்டியது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும். உள்ளே பெல்ட் போட்டிருந்தால் அதன் கொக்கி இந்த வாருக்கடியில் சிக்கி எலும்பை உராயும். மலைக்கு எலாஸ்டிக் வைத்த பேன்ட் நல்லது. சுடிதாருக்குமேல் கட்டுவதானால் வழுக்கும் துணியாக இல்லாமல் பருத்தி டாப் போட்டுக்கொண்டால் வார் நழுவாது. இடுப்புவாரிலேயே சின்ன ஜிப் பாக்கெட் இருந்தால் மிகவும் உதவும். போனும் கடலை உருண்டையும் பையை இறக்காமலே கைக்கு வரும்.

எட்டு கிலோவைத் தாண்டுகிறவர்கள் முதுகுப்பலகையையும் பாருங்கள். பையின் முதுகுப்பக்கம் உள்ளே கையைவிட்டால் பிளாஸ்டிக் தகடோ அலுமினியப் பட்டையோ தட்டுப்பட வேண்டும். அது இல்லாத பையில் எடை இடுப்புக்கு இறங்காது, பை பீப்பாய் மாதிரி உருண்டு முதுகைக் குத்தும்.

முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போகும்படி வலை இழுத்துக் கட்டிய பைகள் இப்போது நிறைய வருகின்றன. நம் வெயிலுக்கு அது சுகம்தான். ஆனால் சுமை முதுகில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போவதால் பின்னால் இழுக்கும். ஐந்து கிலோவரை வலை எடுங்கள். அதற்குமேல் முதுகோடு ஒட்டி உட்காரும் பைதான் எனக்குச் சரிப்படுகிறது. வேர்வையைச் சகித்துக்கொள்ளலாம், இழுப்பைச் சகிக்க முடியாது.

ஐந்தாம் படி: துணி

பையின் அட்டையில் 210டி, 420டி, 600டி என்று இருக்கும். 'டி' என்றால் டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுதான் டெனியர் எண். நம் ஊரில் நூல் என்றால் கவுண்ட் கணக்குதான் பழக்கம். அதில் எண் ஏற ஏற நூல் மெலியும். டெனியரில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். இந்தத் தலைகீழ் கணக்கில் பனியன் கம்பெனிக்காரர்களே குழம்பிப் பார்த்திருக்கிறேன். மாற்றிப் பார்க்க எளிய வழி உண்டு: 5315-ஐ டெனியரால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 210 டெனியர் என்பது தோராயமாக 25 கவுண்ட் தடிமன், 600 டெனியர் ஏறக்குறைய 9 கவுண்ட்.

எண் பெரிதாக இருந்தால் உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். எந்த நூல் என்பதும் முக்கியம். ஒரே தடிமனில் நைலான் பாலியெஸ்டரைவிட உராய்வைத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலை நைலானைவிடத் தாங்கும், தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். பாறையில் வைத்து இழுத்து எடுக்கும் பைக்கு 210 டெனியர் நைலான் உடம்பும், அடியில் 420 அல்லது அதற்குமேலான துணியும் இருந்தால் நம் மலைகளுக்கு எதேஷ்டம். துணியில் சின்னச் சின்னக் கட்டம் தெரிந்தால் அது ரிப்ஸ்டாப் நெசவு. இடையிடையே தடித்த நூல் ஓடுவதால் முள் கிழித்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும். கேன்வாஸ் பை பார்க்க அழகு, ஆனால் காலியாகவே எடை, நனைந்தால் கல்.

துணியின் உள்பக்கம் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தாலோ, பிசுபிசுத்தாலோ, புளித்த வாசம் அடித்தாலோ அது நாள்பட்டுக் கிடந்த சரக்கு. தள்ளுபடியில் விற்கும் பழைய சரக்கில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: பையைத் திருப்புங்கள்

என் தொழில் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கடைக்காரர் ஏதாவது நினைப்பாரோ என்று கூச்சப்படாமல், எல்லா ஜிப்பையும் திறந்து பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பாருங்கள்.

முதலில் தோள்வார் பையோடு சேரும் மேல் இடம். முழுச் சுமையும் இங்கேதான் தொங்குகிறது. வார் மூட்டுக்குள் ஆழமாகப் போய், அதற்குமேல் ஒரு பட்டை வைத்து, குறைந்தது இரண்டு மூன்று வரிசை தையல் ஓட வேண்டும். சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்ட தையல் இருந்தால் நல்ல அடையாளம். பார்டேக் என்று சொல்வோமே, ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் அடர்த்தியாக ஒரு கோடுபோல் அடித்திருக்கும், அது வார் முடியும் இடங்களில் எல்லாம் இருக்க வேண்டும். இடுப்புவார் மூட்டு, கைப்பிடி, தோள்வாரின் கீழ்முனை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டாவது, உள் ஓரங்கள். மூட்டில் துணியின் வெட்டிய விளிம்பை ஒரு நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். விளிம்பு திறந்து நூல் நூலாகத் தொங்கினால் ஆறு மாதத்தில் அந்தப் பிசிறு ஜிப்பில் சிக்கும், ஒரு வருடத்தில் மூட்டே பிரியும். வெட்டு விளிம்பில் இருந்து தையல்வரை ஒரு சென்டிமீட்டராவது துணி இருக்கிறதா என்று பாருங்கள். என் பழைய பை அங்கேதான் கைவிட்டது.

மூன்றாவது, இழுத்துப் பார்ப்பது. மூட்டின் இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக இழுங்கள். தையல் பல்லிளித்தால், அதாவது நடுவே நூல் தெரிந்து இடைவெளி விட்டால், தையல் தளர்வு. ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணிப் பாருங்கள். ஏழில் இருந்து பத்துக்குள் இருந்தால் நிம்மதி. தடித்த துணியில் மிக நெருக்கமாக அடித்தாலும் ஊசி ஓட்டைகள் சேர்ந்து, ஸ்டாம்ப் கிழிவது மாதிரி வரிசையாகக் கிழியும். தையல் நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்க வேண்டும். பருத்தி நூல் வேர்வையில் மக்கிவிடும்.

ஜிப்பில் 5, 8, 10 என்று எண் உண்டு. மூடிய பல்லின் அகலம் தோராயமாக அத்தனை மில்லிமீட்டர். முதன்மை அறைக்கு 8 அல்லது 10, பாக்கெட்டுக்கு 5. சுருள் நைலான் ஜிப்தான் நல்லது, பல் ஒன்று போனாலும் பெரும்பாலும் ஓடும். வளைவில் இழுக்கும்போது சிக்காமல் போகிறதா என்று பத்து முறை இழுங்கள். பக்கிளைப் பத்து முறை பூட்டித் திறங்கள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். தோள்வார்ப் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் நல்ல ஃபோம், குழி விழுந்து மெதுவாக எழுந்தால் ஸ்பாஞ்சு.

இந்தப் பரிசோதனையில் தேறும் பை எந்தப் பெயரில் இருந்தாலும் வாங்கலாம். கோவையில் டெகாத்லான் மாதிரி பெரிய கடைகளில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்க்க விடுகிறார்கள். ஆனால் உள்ளூர்ப் பைக்கடையில் நல்ல தையல்காரர் கைபட்ட பை கிடைத்தால் எனக்கு அதுவும் சம்மதம்தான்.

ஏழாம் படி: மழை, காற்று, குரங்கு

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய பையிலும் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். மேலே மாட்டும் மழை உறை தேவைதான், ஆனால் ஆனைமலைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் அது பலூன் மாதிரி உப்பிப் பறந்துவிடும். பையோடு சேர்த்து மாட்ட ஒரு கொக்கியோ வாரோ உறையில் இருக்க வேண்டும். அதைவிட நம்பகமானது உள்ளே போடும் உறை. தடித்த பெரிய பாலிதீன் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் துணிமணியை வைத்து வாயை முறுக்கி மடக்கிவிட்டால் போதும். வருடக்கணக்கில் ஒரே பையைப் பயன்படுத்தலாம்.

அதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் பாக்கெட்டோடு கொண்டுபோகாமல் துணிப்பையிலோ டப்பாவிலோ மாற்றிக்கொள்ளுங்கள். குப்பைக்கென்று ஒரு தனிப் பாக்கெட் ஒதுக்குங்கள்.

குரங்குகளுக்குப் பையின் வெளி வலைப்பாக்கெட் என்றால் திறந்த கதவு. தின்பண்டம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. காட்டுக்குள் போவதானால் பச்சை, சாம்பல், காக்கி மாதிரி மங்கிய நிறம் எடுங்கள்.

எட்டாம் படி: கடையில் சுமந்து பாருங்கள்

காலிப் பை எல்லாமே தோளில் சுகமாகத்தான் இருக்கும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நாலைந்தையும் வீட்டில் எடை போட்ட துணிமணியையும் கூடவே எடுத்துப் போங்கள். பையில் போட்டு, இந்த வரிசையில் மாட்டுங்கள்.

எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் இடுப்புவார், எலும்பின்மேல் உட்காரும்படி இறுக்குங்கள். அடுத்து தோள்வாரைக் கீழே பின்பக்கமாக இழுங்கள், தோளில் படிந்தால் போதும். பெரிய பைகளில் தோளுக்குமேலே பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார் ஒன்று இருக்கும். அதை மெல்ல இழுத்தால் பையின் தலைப்பாகம் முதுகோடு சேரும், அந்த வார் சாய்வாக 45 பாகையில் நிற்க வேண்டும். கடைசியில் மார்புவார், மூச்சு இழுக்க இடம்விட்டு. இதெல்லாம் முடிந்ததும் தோள்வாருக்கடியில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். விரல் சுலபமாக நுழைந்தால் சுமை இடுப்புக்கு இறங்கிவிட்டது.

இனி கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள், மேலே அண்ணாந்து பாருங்கள், தலை பையில் முட்டக் கூடாது. பக்கத்துப் பாட்டிலைப் பையை இறக்காமல் ஒரு கையால் எடுத்துத் திரும்ப வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வெள்ளியங்கிரியில் ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், மிச்சம் ஒரு கைதான் உங்களுக்கு. பாட்டில் எடுக்கக் கஷ்டமாக இருந்தால் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுவோம், அது ஆபத்து.

ஒன்பதாம் படி: அடுக்குவது

அடியில் போர்வை, மாற்று உடை. நடுவில், முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரும் உயரத்தில் கனமானவை: தண்ணீர், சாப்பாடு. அவற்றைச் சுற்றி வெளிப்பக்கம் லேசானவை. உச்சியில் மழைக்கோட்டும் மருந்தும் டார்ச்சும். கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க முன்னால் குனிந்தே நடப்போம், அடுத்த நாள் இடுப்பு பேசும்.

ஒரு பாக்கெட்டை ஈரத்துக்கென்று காலியாக விடுங்கள். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மற்ற மலைகள்போல் இல்லாமல், அங்கே இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறும்போதுதான் பை கனக்கும். நன்றாகப் பிழிந்து, வெளிப்பக்க வலைப்பாக்கெட்டில் வைத்தால் உள்ளே இருப்பது நனையாது.

பத்தாம் படி: ஒத்திகை

வாங்கிய வாரமே சென்னிமலைக்குப் போய்ப் பாருங்கள். 1320 படிகள், நல்ல படிக்கட்டு, நடுவில் உட்கார மண்டபங்கள், வேண்டாமென்றால் திரும்பிவிடலாம். முழுச் சுமையோடு காலை ஆறு மணிக்கு ஏறுங்கள். மேலே போனதும் சட்டையை விலக்கித் தோளையும் இடுப்பையும் பாருங்கள். லேசான சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. ஒரே இடத்தில் கோடாகத் தடித்திருந்தால் வாரை மாற்றிப் பூட்டி இறங்குங்கள். இறங்கியும் தடிப்பு அப்படியே இருந்தால் அந்தப் பை உங்கள் உடம்புக்கானதில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால், மாற்றிக் கொடுக்கும் கடையாக இருந்தால், அந்த வாரத்திலேயே போய் மாற்றிவிடுங்கள். சகித்துக்கொண்டு வைத்திருந்தால் மலைக்குப் போவதே குறைந்துபோகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வேர்வை உப்பு தோள்வாரில் தங்கினால் துணி விறைத்துத் தோலை உராயும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வாரையும் முதுகுப்பக்கத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், உள்பூச்சு உரிந்துவிடும். நிழலில், தலைகீழாக, எல்லா ஜிப்பும் திறந்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தாலும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டாலும் அந்தப் பூச்சு பிசுபிசுத்துப்போகும். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியை இரண்டு பக்கப் பல்லிலும் தேய்த்து நாலு முறை இழுங்கள்.

பக்கிள் உடைந்தாலோ ஒரு மூட்டு பிரிந்தாலோ பையைத் தூக்கிப் போட வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைக்கிறவர்களிடம் தடித்த ஊசி போட்ட மெஷின் இருக்கும், பக்கிளும் தனியாகக் கிடைக்கும். கொடுக்கும்போது, "ஏனுங்க, பாலியெஸ்டர் நூல்லயே ரெண்டு வரிசை அடிச்சுக் குடுங்க, முனையில பார்டேக் மாதிரி முன்னயும் பின்னயும் நாலு ஓட்டு ஓட்டிருங்க" என்று சொல்லி வாங்குங்கள். வெள்ளியங்கிரியில் பிரிந்த என் பழைய பையை அப்படித்தான் தைத்து வாங்கினேன். மகன் அதை இப்போது ட்யூஷனுக்குக் கொண்டுபோகிறான்.